பலகை பார்த்த திசை

நெடுவிளையில் ஒரு பொருள் கெட்டுப்போனால் முதல் வேலையாக அதன் பக்கத்தில் ஒரு பலகையை நிறுத்திவிடுவார்கள், பலகை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று ஊர் நினைத்துக்கொள்ளும், மீதிப் பாதியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்படித்தான் மேலத்தெரு மேல்நிலைத் தொட்டி விரிசல் விட்டு நாலு பக்கமும் கண்ணீர் வடித்துக்கொண்டு நின்ற சமயத்தில், மஞ்சள் பூச்சின் மேல் கறுப்பு எழுத்தில் ‘சீரமைக்கப்படுகிறது’ என்று ஒரே ஒரு சொல் எழுதிய தகரப் பலகையைப் பேரூராட்சிக்காரர்கள் கொண்டுவந்து, இரண்டு இரும்புக் காலில், ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மூன்று வருஷம் அந்தப் பலகை வெயிலில் காய்ந்தது, மழையில் நனைந்தது, அதன் மேல் லுங்கி உலர்ந்தது, அதன் நிழலில் ஆடு குட்டி போட்டது, மேலத்தெருப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் நீளமான சொல்லும் அதுதான், தொட்டி மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

அந்தத் தொட்டியைத் திறந்து மூடுகிறவள் சந்தனக்கனி. தன் உயரத்துக்கு ஒரு இரும்புத் திருகுச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு தினமும் காலை ஆறு மணிக்கு அவள் வந்தால்தான் ஊருக்குத் தண்ணீர், அதனால் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அண்ணி முறையில் அவள் தண்ணி மைனி. ஆடி மாதம் ஒரு விடியலில் அவள் வால்வைத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது, ஆடிக் காற்று பலகையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, எழுத்துகள் தொட்டியைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தது. கையில் சாவி இருந்ததால் அவள் அதை நேராக்கவில்லை, வீட்டுக்குப் போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, வடித்துக் கவிழ்த்துவிட்டு வால்வை மூடத் திரும்பி வந்தாள்.

தொட்டி புத்தம் புதிதாக நின்றது. விரிசல் இருந்த இடத்தில் விரிசலின் தழும்புகூட இல்லை, சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தித் திறப்பு விழா அன்று கட்டிய மாவிலைத் தோரணம் வாடாமல் ஆடிக்கொண்டிருந்தது, அன்றைக்கு உடைத்த தேங்காய் மூடி காலடியில் ஈரமாகக் கிடந்தது. அந்த ஆடிக் காலையில் தண்ணீர் வந்த வேகத்தில் கீழத்தெருக் குழாயடியில் ஏழு குடங்கள் உருண்டு ஓடின, பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடத்தைத் துரத்திச் சிரித்தார்கள். ஆச்சரியப்பட்டவர்கள் யாருமில்லை. பலகை வைத்தார்கள் அல்லவா, வேலையை முடித்துவிட்டார்கள், பேரூராட்சிக்கு மூன்று வருஷம் என்பது சீக்கிரம்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

செயல் அலுவலர் வைதேகி மேடம் கோப்பில் ‘பணி நிறைவு’ என்று எழுதிவிட்டு, பலகையை ஆபீசுக்கு எடுத்துவரச் சொன்னார். சந்தனக்கனி அதைத் தூக்கிக்கொண்டு வருகிற வழியில் தையல்கடை வாசலில் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினாள், ஒரு சோறு வேகிற நேரம் ஆகியிருக்கும், பலகைக்கு எதிரே இருந்த துருப்பிடித்த தையல் எந்திரம் தானாக ஒருமுறை சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பளபளவென்று நின்றது, அதன் ஊசிக்கடியில் பாதி தைத்த ஒரு ஊதாப் பாவாடை முளைத்திருந்தது. அப்போதுதான் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. பலகை எதைப் பார்க்கிறதோ அது சீராகும், ஒரு சோறு வேகிற நேரம் ஆகும். அப்படியானால் மூன்று வருஷம் ரோட்டைப் பார்த்துத்தானே நின்றது, ரோடு ஏன் சீராகவில்லை என்று ஒருவர் கேட்டார், அதற்குள் மற்றவர்கள் வீட்டில் கெட்டுக் கிடப்பதை எடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

பிறகு நெடுவிளைக்குத் தலைகால் புரியவில்லை. ஆவி பறக்காத குக்கர், முள் ஓடாத கடிகாரம், கால் ஒடிந்த கட்டில், ஒரு பக்கம் மட்டும் சுடுகிற இஸ்திரிப் பெட்டி, கல்யாணத்தில் வந்து கல்யாணத்தோடு நின்றுபோன மிக்சி என்று வீட்டுக்கு வீடு சாமான்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்து வரிசையில் உட்கார்ந்தன, மேடம் வேறு வழியில்லாமல் பலகைக்குச் சந்தனக்கனியைப் பொறுப்பாக்கினார், அவளும் தண்ணீர் விடுகிற மாதிரியே திங்கள் மேலத்தெரு, செவ்வாய் கீழத்தெரு என்று முறை வைத்துப் பலகையைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தச் சொல் எல்லார் வாயிலும் ஏறியது. சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் சீரமைக்கப்படுகிறது என்றார்கள், பரீட்சையில் தேறாதவனை எப்போது சீரமைக்கப்படுவாய் என்று கேட்டார்கள், மொட்டை போட்டவன் தலையைத் தடவி அதையே சொன்னார்கள், காலையில் பல் விளக்குவதற்கும் நெடுவிளையில் அதுதான் பெயர் என்று ஆனது.

பஸ் நிலையத்தில்தான் சொல் தன் வேலையைக் காட்டியது. கூரை பெயர்ந்து, தரை குழிந்து கிடந்த நிலையத்தைச் சரி பண்ணலாம் என்று மேடமே முன்னால் நின்று ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பலகையை வைத்தார். பத்தரைக்கு அங்கே பஸ் நிலையம் இல்லை. அல்லியும் தாமரையும் மண்டிய ஒரு குளம் இருந்தது, நாலு படித்துறை இருந்தது, நடுவில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று எல்லாரையும் பார்த்தது, பத்தரை மணி வண்டி டிரைவர் கரையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று இறங்கி முகம் கழுவினார். அந்த இடத்தில் குளம் இருந்ததையே ஊர் மறந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது. மறந்ததற்கும் சேர்த்து அன்று மாலை வரைக்கும் பிள்ளைகள் குதித்துக் குளித்தார்கள், மேடம் மட்டும் படியில் உட்கார்ந்து மாவட்ட ஆபீசுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நூலகத்தில் கூட்டம் போட்டார்கள். ரிட்டையரான தமிழாசிரியர் ஆவுடைநாயகம் மூன்று அகராதியைக் கட்டைப் பையில் தூக்கி வந்து மேஜையில் அடுக்கி, சீரமைத்தல் என்றால் கெட்ட ஒன்றை அதன் நல்ல நிலைக்குக் கொண்டுவருதல் என்று மூன்றிலும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கிறது, ஆனால் நல்ல நிலை எது என்று ஒன்றிலும் போடவில்லை என்றார்.

“நமக்கு நல்லது எதுவோ அதுதானே சார்,” என்றார் மேடம்.

“நாம அப்படித்தான் இத்தனை காலம் புழங்கிட்டோம் மேடம். சொல்லு அப்படி நினைக்கலைபோல. குளத்தைக் கேட்டா பஸ் ஸ்டாண்டு ஆனதே அதுக்குக் கேடுதானே.”

அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவரும் தங்கள் சாமான்களை நன்றாகப் பார்த்தார்கள். எந்தப் பொருளும் கடையில் வாங்கிய நாளுக்குத் திரும்பவில்லை, தனக்கு எந்த நாள் பிடித்திருந்ததோ அந்த நாளுக்குத்தான் திரும்பியிருந்தது. தையல் எந்திரத்துக்கு அந்த ஊதாப் பாவாடை தைத்த நாள் பிடித்திருக்கிறது, அது யாருக்குத் தைத்தது என்று தையல்காரருக்கே ஞாபகமில்லை. கீழத்தெருவில் ஒருத்தி நைந்துபோன தன் கல்யாணப் பட்டுச்சேலையை வைத்துப் பார்த்தாள், அது முகூர்த்தத்து மடிப்புக்குப் போகாமல், விட்டத்தில் தொட்டில் கட்டிய சுருக்கங்களோடும் பால் வாசனையோடும் வந்து நின்றது, அவள் அதை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டே வீட்டுக்குள் போனாள். ஒரு குடை, மழையே இல்லாத நாளில், சொட்டச் சொட்ட நனைந்து விரிந்தது. ரோடு ஏன் சீராகவில்லை என்பதும் விளங்கிவிட்டது. பாவம், அதற்கு நல்ல நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை.

சந்தனக்கனி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே பலகையைச் சுமந்தாள், ஆனால் பலகை கைக்கு வந்த முதல் நாளிலிருந்து அவள் மனசு ஒரே இடத்தில்தான் நின்றது. அவள் புருஷன் பொன்னுலிங்கம் ஏழு வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு முந்தி நெடுவிளையின் குரலே அவன்தான். ஆட்டோ தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, ரேஷனில் பருப்பு வந்தாலும் கோயில் கொடை விழாவுக்குப் பந்தல்கால் நட்டாலும் ஊரில் ஒரு சாவு விழுந்தாலும் அவன்தான் தெருத்தெருவாகச் சொல்லிப் போவான், அவன் குரலில் கேட்டால் துக்கம்கூடக் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். ஊரில் இரண்டு தங்கத்துரை, ஒருவர் ரைஸ்மில் வைத்திருந்தார், ஒருவர் சோடாக்கடை. ஒரு நாள் ‘தங்கத்துரை காலமானார்’ என்று மட்டும் எழுதிய சீட்டு அவன் கைக்கு வந்தது. எந்தத் தங்கத்துரை என்று கேட்க அவன் மெனக்கெடவில்லை, சோடாக்கடைக்காரர் முந்தின நாள் இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தான், அதனால் தானாகவே ‘சோடாக்கடை’ என்று சேர்த்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். செத்தது ரைஸ்மில்காரர். சோடாக்கடைத் தங்கத்துரை மத்தியானத் தூக்கம் கலைந்து கதவைத் திறந்தால் வாசலில் எண்பது பேர், அவருடைய மச்சினன் மாலையோடு ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுது, அழுதவன் யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று தெரிந்து மயங்கி விழுந்தான். ஊர் சிரித்த சிரிப்பு மூன்று நாள் அடங்கவில்லை. பொன்னுலிங்கம் வீட்டுக்கு வந்தான், மைக்கைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினான், அதோடு சரி.

தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதே ஆட்டோவில் தண்ணீர் கேன் போட்டுப் பிழைத்தான், தலைக்கு மேல் இருந்த குழாயில் குருவி கூடு கட்டியது. வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தான், ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் வேண்டாம், மற்ற எல்லாவற்றுக்கும் சும்மா இருப்பான். தினமும் அவள் சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கண் எரிய எரிய உள்ளி உரித்துக் கொடுப்பான், அது நிற்கவே இல்லை. தங்கத்துரையும் விடவில்லை. சோடா குடிக்க வருகிறவர்கள் எல்லாம் செத்தவரே, ஒரு பன்னீர் சோடா என்று கேட்கிற ஊரில் அவருக்கு வேறு என்ன வழி. “நான் உயிரோடதான் இருக்கேன்னு அவன் வாயால சொல்லணும், அதுவரைக்கும் இந்த ஊருல நான் பாதிப் பொணம்தான்,” என்று சந்தனக்கனியைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார், அவளும் குனிந்த தலையோடு தாண்டிப் போவாள்.

புருஷனைப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தால் போதும். அவனுக்குப் பிடித்த நாள் எதுவாக இருந்தாலும் அந்த நாளில் குரல் இருந்திருக்கும். வருகிற வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தபோதுதான் தபால்கார இசக்கியப்பனின் மாடு அந்தக் காரியத்தைச் செய்தது.

பதினோரு வருஷம் அவர் வீட்டில் பால் கொடுத்த மாடு அது. மடி வற்றி, கொம்பு தேய்ந்து, எழுந்திருக்கவே ஒரு ஆள் வேண்டும் என்று ஆனபோது இசக்கியப்பன் கும்பிட்டுக் கேட்டுப் பலகையை வாங்கிப்போய் அதன் முன்னால் வைத்தார். ஒரு சோறு வேகிற நேரத்தில் மாடு துள்ளும் கிடாரியாக எழுந்தது, தலையை உலுக்கியது, கயிற்றை அறுத்தது, இசக்கியப்பனையும் அவர் சம்சாரத்தையும் முன்பின் பார்த்திராததுபோல் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர்கள் பின்னாலேயே ஓடி ஓடிக் கூப்பிட, நாலு மைல் நடந்து, அவர்கள் அதை விலைக்கு வாங்கிய பழைய வீட்டுத் தொழுவத்தில் போய் நின்று கத்தியது.

“பதினோரு வருசம் மைனி,” என்றார் இசக்கியப்பன், பலகையைத் திருப்பிக் கொடுக்கும்போது. “தவிடு, புண்ணாக்கு, பொங்கலுக்குப் பொங்கல் கொம்புக்குப் பெயிண்டு. அதுல ஒரு நாளுகூட அதுக்குப் பிடிக்கல பாத்தியளா.”

சந்தனக்கனிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தி பொன்னுலிங்கத்துக்கு மணல்மேட்டில் ஒரு அத்தை மகள் இருந்தாள், பேச்சு முடிந்து தட்டு மாற்றுகிற நேரத்தில் கலைந்துபோன சம்பந்தம், அதை அவனே ஒரு தடவை, பேசுகிற காலத்தில், சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் இப்போது குத்தியது. பலகை அவனைப் பார்த்து, அவன் இருபத்து மூன்று வயதுக் குரலோடு எழுந்து, தன்னை முன்பின் பார்த்திராததுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மணல்மேட்டு பஸ் ஏறிவிட்டால் என்ன செய்வது, கயிறு போட்டா இழுத்துக்கொண்டு வர முடியும். பேசாவிட்டால் என்ன, உள்ளி உரிக்கிறானே என்று ஒரு மனசு சொன்னது. அந்தக் குரலைக் கேட்டு ஏழு வருஷம் ஆச்சுதே என்று இன்னொரு மனசு சொன்னது. வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போயின, அவள் பலகையை ஊரெல்லாம் வைத்தாள், தன் வீட்டு வாசலில் மட்டும் எழுத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தாண்டிப் போனாள்.

இதற்குள் மாவட்ட ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பஸ் நிலையத்தைக் காணவில்லை என்பதால் சம்பந்தப்பட்ட பலகையைச் சனிக்கிழமை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. மேடம் அதைச் சந்தனக்கனியிடம் படித்துக் காட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை ஒரு நாள் நீங்களே வெச்சுக்கோங்கக்கா, நான் கேட்க மாட்டேன் என்றார். ஊர் முழுக்க அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்திருந்தது, யாரும் அன்றைக்குச் சாமான் எடுத்துக்கொண்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் பலகையை அடுக்களைக்குள் கொண்டுவந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பொன்னுலிங்கம் முறத்தை மடியில் வைத்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தான், பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவனுக்கும் தெரியும்.

“வைக்கட்டுமா,” என்றாள்.

டம்ளரை எடுத்து ஒரு தட்டு தட்டினான். அந்தச் சத்தம் அவள் எலும்பில் போய் நின்றது.

அவள் பலகையை அவனுக்கு எதிரே நிறுத்திவிட்டு, அதன் பின்பக்கத்துத் துருவைப் பார்த்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினாள். இருபதுக்குள் மணல்மேட்டு பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்டது, பஸ் நிலையமே இல்லாத ஊரில் எங்கிருந்து கேட்டதோ தெரியாது, அவள் கை அவளைக் கேட்காமல் நீண்டு பலகையின் காதைப் பிடித்து வெடுக்கென்று மறுபக்கம் திருப்பிவிட்டது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். பொன்னுலிங்கம் உரித்த உள்ளியைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று இருவரும் பார்க்கவில்லை.

திரும்பிய பலகை அடுப்பைப் பார்த்து நின்றது.

முதலில் கொதி அடங்கியது. பிறகு பானைக்குள் எதுவோ மூச்சு விட்டது. மூடி மெல்ல எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, தரையில் விழுந்து உருண்டு உருண்டு பொன்னுலிங்கத்தின் காலடியில் போய்ப் படுத்தது. பானை வாயிலிருந்து பச்சை நாற்று கொத்தாக மேலே வந்தது, வளர்ந்தது, தண்டு பருத்தது, கதிர் வாங்கியது, பால் பிடித்தது, அடுப்பு நெருப்புக்கு மேல் ஒரு படி நெல் மேல்காற்றில் ஆடுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, அதிலிருந்து ஒரு தட்டான் கிளம்பி அடுக்களையை ஒரு வட்டம் சுற்றிவிட்டுக் கதிரிலேயே வந்து உட்கார்ந்தது. சோற்றுக்குப் பிடித்த நாள் அது.

பொன்னுலிங்கத்தின் வயிற்றில் எங்கேயோ ஆழத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது மேலே வர வர முறம் ஆடியது, உள்ளி சிதறியது, டம்ளர் கவிழ்ந்தது, ஏழு வருஷம் பூட்டிக் கிடந்த சிரிப்பு கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தது, அந்தச் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே பேச்சும் வந்தது.

“ஏட்டி,” என்றான், கண்ணில் தண்ணீர் வழிய, “சோறு பூராவும் வயலுக்குப் போயிட்டுட்டி.”

அவள் நிமிர்ந்தாள். அடுப்பைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பலகை அவன் பக்கம் இல்லை என்பதைப் பார்த்தாள். அவன் தலை நரைத்துத்தான் இருந்தது, முன்பல் போன இடம் அப்படியே இருந்தது, நாற்பத்தொன்பது வயசுக்காரன்தான் உட்கார்ந்திருந்தான், குரல் மட்டும் கொஞ்சம் துருப்பிடித்து, ஆனால் அவன் குரல்.

“எதுக்குட்டி திருப்புன?”

அவள் மாட்டைச் சொன்னாள். தொழுவத்தைச் சொன்னாள். மணல்மேட்டைப் பெயர் சொல்லாமல் சொன்னாள். பொன்னுலிங்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, சிதறிய உள்ளியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டான்.

“அது கூறுகெட்ட மாடுளா,” என்றான்.

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் போய் இரண்டு படி அரிசி வாங்கி வந்து மறுபடி உலை வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஊர் வேறு சத்தத்தில் விழித்தது. குருவிக்கூட்டைக் குழாயிலிருந்து பத்திரமாக எடுத்து முருங்கையில் வைத்துவிட்டு, மைக்கில் இருந்த தூசியை மூன்று தடவை ஊதி, பொன்னுலிங்கம் ஆட்டோவைத் தெருவில் இறக்கியிருந்தான், பக்கத்தில் திருகுச் சாவியை மடியில் கிடத்திக்கொண்டு சந்தனக்கனி உட்கார்ந்திருந்தாள்.

“அன்பார்ந்த நெடுவிளைப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் காலமானார் என்று தெரிவிக்கப்பட்ட சோடாக்கடைத் தங்கத்துரை அண்ணாச்சி அவர்கள், காலமாகவில்லை, நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள் என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். உற்றார் உறவினர் அனைவரும் அவர் கடையில் சோடா அருந்திச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் நுரையோடு வாசலுக்கு வந்தார்கள். குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. தங்கத்துரை சட்டைகூடப் போடாமல் கடை வாசலுக்கு வந்து நின்று, தான் உயிரோடு இருக்கும் செய்தியைக் கடைசி எழுத்துவரை கேட்டார், உதட்டைக் கடித்துக்கொண்டார், ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, இரண்டு பன்னீர் சோடாவைக் கோலி உடைத்து இருவர் கையிலும் கொடுத்தார்.

“கீழத்தெருக்காரனுவளுக்குக் காது மந்தம்,” என்றார். “இன்னொரு சுத்து போயிட்டு வாடே.”

அவர்கள் மூன்று சுற்றுப் போனார்கள். மூன்றாவது சுற்றில் மாவட்டத்து லாரி பலகையை ஏற்றிக்கொண்டு எதிரே வந்தது, பின்பக்கம் சாத்தியிருந்த பலகை ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாக ஊரை விட்டுப் போனது, குளத்தங்கரையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கையைக் காட்டினார்கள். ஒரு நல்ல நாளையும் அறியாத ரோடு அப்படியேதான் கிடந்தது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது, பொன்னுலிங்கத்தின் குரல் குழாயில் ஒரு குதி குதித்து, காலமாகவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு மேலே போனது, பக்கத்தில் இருந்தவள் சிரித்த சிரிப்பும் மைக்கில் விழுந்து தெரு முழுக்கக் கேட்டது. லாரி வளைவில் திரும்புகிற நேரத்தில், லாரிக்குப் பின்னால், ஆட்டோ போன தடத்தில், ஒரே ஒரு பள்ளம் தன்னைத் தானே மூடிக்கொண்டதை நெடுவிளையில் எல்லாரும் பார்த்தார்கள்.